இறங்கி நடக்கத்தான் மலை

(நம் சங்கத்தின் ஆடி மாதப் பொதுக்கூட்டத்தில், செப்டம்பர் மாத நீலகிரிச் சுற்றுலா பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். பதினைந்து ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து ஊட்டி போகலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு டிராவல்ஸ் கொடுத்த திட்டத் தாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாளில் 12 இடம். அதைப் படித்ததும் எனக்கு 2023 மே மாதம் நாம் போன பயணம் நினைவுக்கு வந்தது. அந்தப் பயணத்தின் செலவுக் கணக்கை எழுதியவன் நான். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதில் பணக் கணக்கோடு நேரக் கணக்கும் இருக்கிறது. பழக்க தோஷம். 22 பேர், இரண்டு நாள், 11 இடம். வேனுக்குள் உட்கார்ந்திருந்தது 13 மணி நேரம். வெளியே நின்றது, சாப்பாடும் கழிப்பறை வரிசையும் சேர்த்து, 7 மணி நேரம். ஏ பிளாக் பாட்டியம்மா 11 இடங்களில் 8 இடத்தில் இறங்கவே இல்லை. "நீங்க போய்ட்டு வாங்கப்பா, கால் மணி நேரத்துல நான் இறங்கி ஏறறதுக்குள்ள வண்டிய எடுத்துடுவாங்க" என்றார். திரும்பும்போது சொன்னார்: "கண்ணாடி வழியா பாக்கறதுக்கு வீட்டுல டிவியிலயே பாத்திருக்கலாம்." எல்லோரும் சிரித்தோம். தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று அவரிடமும் வாங்கியவன் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் இன்று நான் ஒரு மாற்றுத் திட்டம் வைக்கிறேன். அதில் 12 இடம் இல்லை, நான்குதான். ஆனால் நான்கிலும் எல்லோரும் இறங்கலாம், நடக்கலாம், உட்காரலாம்.

முதலில், எப்போது போவது. மே மாதம் வேண்டாம் என்று இந்த முறை எல்லோருமே ஒத்துக்கொண்டது நல்லது. மலர்க் கண்காட்சி மே மாதம்தான், உண்மை. கூட்டமும் அப்போதுதான். கூட்டம் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. 2025 கோடையில் இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். நாம் வேன் எடுத்தால், இ-பாஸ் நிலவரத்தைக் கேட்டு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

செப்டம்பர் கடைசியை அங்கே இரண்டாம் சீசன் என்பார்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும், பூங்காவில் மறுபடி பூ வைத்திருப்பார்கள். அக்டோபர் பாதிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பலமாக இறங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரிய மழை என்றால் மலை ரயிலையும் நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து, எப்படிப் போவது. ரயிலைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் நம் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பியது. தண்டவாளம் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது 1873-இல். அங்கிருந்து குன்னூர் ஏற 1899 ஆகிவிட்டது, ஊட்டியைத் தொட 1908. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான். அதற்குள் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை, சுமார் 12 அடி போனால் ஓர் அடி உயரும். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். என்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பயணத்துக்கு 30 பேருக்குச் சேர்ந்தாற்போல் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். மேலே போக ஐந்து மணி நேரம் ஆகிறது, மர இருக்கையில் முதுகுவலிக்காரர்களுக்குச் சோதனை. அதனால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் போகலாம். சுமார் 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும். தேயிலைத் தோட்டமும் காய்கறி வயலும் கேத்திப் பள்ளத்தாக்கும் ஜன்னலோரமாகவே வரும்.

இப்போது திட்டம். இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து அரசுப் பேருந்திலோ, இ-பாஸ் எடுத்த வேனிலோ குன்னூர். தங்குவது குன்னூரில்தான், ஊட்டியில் இல்லை. காரணம் சொல்கிறேன்.

நாம் இருப்பது கடல் மட்டம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டியில் காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. தண்ணீர்கூட அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் குக்கர் இல்லாமல் வைத்த சோறு அங்கே விரைவில் வேகாது. அதே காற்றைத்தான் நம் நெஞ்சும் இழுக்க வேண்டும். கன்டெய்னர் லாரிப் புழுதியிலும் நிலக்கரித் தூசியிலும் இத்தனை வருடம் இருந்த நம் ஆட்களில் எத்தனை பேரிடம் இன்ஹேலர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரே காலையில் ஊட்டி ஏறி, அப்படியே 2,637 மீட்டர் தொட்டபெட்டாவுக்கும் ஓடினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பெயர் கொடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். வளைவில் வாந்தி வருபவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

முதல் நாள் மதியம் வரை ஓய்வு. மாலையில் சிம்ஸ் பூங்கா. 1874-இல் அமைத்தது. சரிவில் அமைந்த பூங்கா என்பதால் இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்பகுதியிலேயே பெஞ்சில் உட்காரலாம். அதுவும் பார்ப்பதுதான். அவசரம் இல்லை, பூங்கா மூடும் வரை நமக்கு வேறு வேலை கிடையாது.

இரண்டாம் நாள் ரயிலில் ஊட்டி. அங்கே அரசு தாவரவியல் பூங்கா மட்டும். 1848-இல் தொடங்கியது, 55 ஏக்கர். புல்வெளிப் பக்கம் சமதளமாக இருக்கும், பாட்டியம்மா நடக்கலாம். 2 கோடி ஆண்டு பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரம் அங்கே இருக்கிறது. பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கத் தூண்ட வேண்டாம், அருகில் நின்று காட்டுங்கள். கால் வலுவுள்ளவர்கள் பூங்காவின் மேல்பகுதி வரை ஏறினால் தோடர் மந்து ஒன்று உண்டு. அது காட்சிக்கு வைத்த வீடு அல்ல, அவர்களுடைய குடியிருப்பு. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நம் கேட்டுக்குள் யாரோ வந்து நம் சமையலறையைப் படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா? அவர்கள் நெய்யும் சிவப்பும் கறுப்புமான பூ வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சால்வை வாங்க நினைப்பவர்கள் அதை வாங்குங்கள். மாலை ரயிலில் திரும்பி குன்னூர்.

மூன்றாம் நாள் கோத்தகிரி. பெரும்பாலான வேன்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. கோத்தகிரிக்கு அருகில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு, 116 ஹெக்டேர். வனத்துறை அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். சோலை என்றால் நாம் பூந்தோட்டத்தை நினைப்போம். அங்கே அது மலையின் மடிப்புகளில் இருக்கும் அடர்ந்த, குட்டையான காடு. சுற்றிலும் புல்வெளி. மழை பெய்தால் அந்தப் புல்லும் இலைமக்கும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக விடும். கீழே உள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் இந்தச் சோலையிலிருந்துதான். 2024-இல் ராம்சார் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். உள்ளே சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். வெளிச்சம் குறைவாக, ஈரமாக, குளிராக இருக்கும். பாசியில் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். அட்டை ஏறலாம், பயப்பட வேண்டாம்.

அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. கீழே மோயாறு பள்ளத்தாக்கு விரியும். அந்த மோயாறு பவானியில் சேரும், பவானி காவிரியில் சேரும். மாலையில் கோத்தகிரி வழியாகவே மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு ரயில்.

வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிப்பவர்களில் பலர், 1964 சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். அவர்களுக்காகத்தான் அரசே அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. நம் வடசென்னையில் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருப்பது போலத்தான். செடிக்கு நடுவே புகுந்து செல்ஃபி எடுக்கும்போது, அது ஒருவருக்கு வேலை நேரம் என்று நினைவிருக்கட்டும். காட்டுமாடு தோட்டத்துக்குள் நிற்கும். பசு போலத் தெரியும், பசு அல்ல. வண்டியிலேயே இருங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்துப் பழக்கியதால்தான் அது பையைப் பிடுங்குகிறது.

நம் வாலிபப் பிள்ளைகள் மலையேற்றம் வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் யாரோ கூட்டிப்போகிறார் என்று போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன பிள்ளைகளும் அதில் உண்டு. இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நடத்துகிறது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்க்காரரை வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். தீப்பிடிக்கும் காலத்தில் மூடிவிடுவார்கள். அதில் பதிவு செய்து, எளிதான பாதையில் தொடங்குங்கள்.

இவ்வளவு உயரம் முடியாது என்பவர்களுக்கு ஏலகிரி இருக்கிறது. சென்ட்ரலில் காலை ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் ஜோலார்பேட்டை. 14 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,100 மீட்டர் உயரம். புங்கனூர் ஏரிக்கரையில் ஒரு மாலை உட்கார்ந்து வரலாம். நவம்பரில் தனியாக ஒரு குழு போகலாம் என்றால் அதற்கும் நான் கணக்கு எழுதுகிறேன்.

இனி நான் சொல்ல நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்த விஷயம்.

2023 பயணத்தில் கல்லாறு தாண்டுவதற்கு முன் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி தண்ணீர் பாட்டில் இருந்தது. திரும்பி வரும் வழியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், பேப்பர் தட்டு, காலி பாட்டில் எல்லாம் ஒரு பையில் கட்டி என் காலடியில் இருந்தது. நாற்றம் வருகிறது என்று பின்னாலிருந்து குரல். ஒரு வளைவில் வண்டி மெதுவானபோது ஜன்னலைத் திறந்து பள்ளத்தில் எறிந்தேன். நான்தான். டிரைவர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மீனவர்கள் வெறும் கையால், மக்கால் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். படகு கறுப்பு, வலை கறுப்பு, நாரையின் இறக்கை கறுப்பு. நம் மாடியிலிருந்தே நாற்றம் தெரிந்தது. இதே அறையில் கூட்டம் போட்டு, "எவனோ செய்த வேலைக்கு நாம ஏன் மூக்கைப் பொத்தணும்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியவன் நான். பேசி முடித்து வீட்டுக்கு மாடி ஏறும்போது அந்த வளைவும் அந்தப் பையும் நினைவுக்கு வந்தன. அந்தப் பள்ளத்துக்குக் கீழேயும் ஓடை இருக்கும், ஓடைக்குக் கீழே ஊர் இருக்கும்.

இரண்டும் ஒரே அளவு தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அன்று எண்ணூரில் நமக்கு வந்த கோபம் ஏற்காட்டிலும் ஊட்டியிலும் இருக்கிறவர்களுக்கும் வரும் இல்லையா?

"குப்பையைத் திரும்பக் கொண்டுவந்தால் மட்டும் எங்கே போகும்? நம் கொடுங்கையூருக்குத்தானே?" என்று சி பிளாக் தம்பி என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. கொடுங்கையூர் மலையும் நமக்குத் தெரிந்த மலைதான். அதனால் குப்பையே உண்டாகாமல் போவதுதான் வழி. வீட்டுக்கு ஒருவருக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். மேலே தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், காசு போட்டு நிரப்பிக்கொள்ளலாம். ரயிலில் முதல் இரவுச் சாப்பாடு டிபன் கேரியரில். தட்டு, டம்ளர் அவரவர் பையில். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வீட்டிலேயே டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். தேயிலையும் வர்க்கியும் வாங்கத் துணிப்பை. இதையும் மீறிச் சேருவது ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும். அந்தப் பையைத் திருவொற்றியூர் வரை நான் தூக்கி வருகிறேன். நாற்றம் வந்தாலும் இந்த முறை ஜன்னலைத் திறக்க மாட்டேன்.

ஊட்டி ஏரியில் படகு, தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. விரும்புகிறவர்கள் இரண்டாம் நாள் மதியம் ஊட்டியில் பிரிந்து போய்விட்டு, மாலை ரயிலுக்கு நிலையம் வந்துவிடலாம். மற்றவர்களை இழுக்க வேண்டாம்.

முடிவு உங்களுடையது. இரண்டு திட்டத் தாளும் நோட்டீஸ் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். எது வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயரோடு எழுதிக் கொடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், தாமதித்தால் காத்திருப்போர் பட்டியல்தான். ஏ பிளாக் பாட்டியம்மா இந்தத் தடவை வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். நேற்று என் தாளைப் படித்துக் காட்டினேன். "நாலு இடந்தானா? அப்போ எனக்கும் ஒரு சீட்டு போடு" என்றார். அவர் பெயரை முதல் பெயராக எழுதியிருக்கிறேன்.